முதுகோடு முதுகு: ஆறு வாரக் கணக்கு

எனக்குக் காலையில் எழுந்ததும் இடுப்பு பிடித்துக்கொள்ளும். என் கணவருக்கு நாள் முழுக்க நாற்காலி வேலை. நின்றபடி குனிந்தால் விரல் முழங்காலோடு நின்றுவிடும். தனித்தனியாக யோகா ஆரம்பித்தபோதெல்லாம் நாலாம் நாளே பாய் மூலைக்குப் போய்விட்டது. அதனால் இந்த முறை சேர்ந்தே செய்வது என்று முடிவு. வாரத்தில் 4 நாள், 20 நிமிடம், வெறும் வயிற்றில்.

முதல் வாரம் ஆசனம் என்று பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சம்மணமிட்டு, முதுகோடு முதுகு சாய்ந்து, மூச்சை மட்டும் கவனித்தோம். அவர் சம்மணம் போட்டால் முழங்கால் இரண்டும் கூரையைப் பார்க்கும், முதுகு கூன் போடும். இரண்டு போர்வையை மடித்து அடியில் வைத்ததும் இடுப்பெலும்பு முன்னால் சாய்ந்து, முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. அவர் விலா விரிந்து சுருங்குவது என் முதுகில் தெரிந்தது. அந்த வேகத்துக்கு என் மூச்சைக் கொண்டுபோகப் பார்த்து எனக்கு மூச்சு முட்டியதுதான் மிச்சம். அப்புறம் அவரவர் மூச்சு அவரவருக்கு என்று விட்டுவிட்டோம். இழுப்பதைவிட விடுவது கொஞ்சம் நீளமாக இருந்தால் போதும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும், உடம்பும் அடங்கும்.

இரண்டாம் வாரம் வம்பை விலைக்கு வாங்கினோம். எதிரெதிரே காலை அகட்டி உட்கார்ந்து, கையைக் கோத்து, ஒருவர் மற்றவரை முன்னால் இழுக்கும் ஆசனம். படத்தில் பார்க்க அழகு. நான் இழுத்தேன், அவர் "ம்" என்றார். இன்னும் கொஞ்சம் இழு என்கிறார் என்று நினைத்து இழுத்தேன். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். இடது தொடையின் பின்பக்கம், உட்காரும் எலும்புக்குக் கீழே சுரீர் என்றது. பத்து நாள் படியேறும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பார். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் அவருடைய "ம்" எனக்குப் பிடிபடவில்லை.

வெடுக்கென்று இழுத்தால் தசை தன்னைக் காத்துக்கொள்ளச் சுருங்கும். அதை மீறி இழுப்பதில்தான் ஆபத்து. மெதுவாகப் போய் 30 வினாடி நின்றால் அதுவே கொஞ்சம் இளகிக்கொடுக்கும். வலி முழுக்கப் போன பிறகு அதே ஆசனத்தை வேறு மாதிரி செய்கிறோம். நான் ஒரு துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருப்பேன். மறுநுனியைப் பிடித்து எவ்வளவு சாய்வது என்பது அவர் பாடு. முழங்காலை லேசாக மடித்துக்கொள்ளலாம். "இன்னும்", "அப்படியே", "போதும்" என்ற மூன்று சொல்லைத் தவிர வேறு பேச்சில்லை. "ம்" தடை.

எனக்குப் பலன் தெரிந்தது பாலாசனத்தில். மண்டியிட்டுக் குனிந்து நெற்றியைத் தலையணையில் வைத்துக்கொள்வேன். அவர் பின்னாலிருந்து உள்ளங்கைகளை வைத்து அழுத்துவார். முதல் நாள் இடுப்புக் குழியில் வைத்துவிட்டார், முதுகு நொடித்தது. அவர் கையைப் பிடித்து நாலு விரல் கீழே, வால் எலும்புக்கு மேலிருக்கும் தட்டையான எலும்பில் வைத்தேன். அங்கிருந்து குதிகால் பக்கமாகத் தள்ளினார். முதுகெலும்பு கணு கணுவாக நீண்டது போல இருந்தது. இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. இந்த ஓர் ஆசனத்துக்காகவே பாயை விரிக்கலாம்.

ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தைத் தோளோடு தோள் நின்று முயன்றோம். ஒருவர் ஆடினால் இருவரும் சாய்கிறோம், சிரிப்புதான் வருகிறது. உயர்த்திய பாதத்தை முழங்கால் மூட்டில் வைக்காமல் கெண்டைக்காலில் வைக்கிறோம், அவ்வளவுதான். மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தில் அவர் குறட்டை. அதைத் திருத்தும் எண்ணம் இல்லை.

ஆறாம் வார முடிவில் அவர் விரல் முழங்காலைத் தாண்டி ஒரு சாண் இறங்கியிருக்கிறது. என் இடுப்பு முன்பெல்லாம் அரை மணி நேரம் முரண்டு பிடிக்கும், இப்போது பல் தேய்த்து முடிப்பதற்குள் வழிக்கு வந்துவிடுகிறது. குளிர்ந்த நாட்களில் மட்டும் பழைய கதைதான்.

நேற்று துண்டைப் பிடித்துச் சாய்ந்தவர் மறந்துபோய் "ம்" என்றார். நான் பதறிப்போய்த் துண்டை விட்டுவிட்டேன். மல்லாந்து விழுந்தவர், "நல்லா இருக்குன்னு சொன்னேன்மா" என்றார்.