கொலுசுப் பட்டறை மென்பொருளைத் திறக்கவும் மூடவும் பட்ட பாடு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையின் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. அதை எழுதியவர் பெங்களூருவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பைத்தான் மொழியில், விண்டோ, பொத்தான் எல்லாம் கட்ட உதவும் பைக்யூட்டி5 வைத்து எழுதியிருந்தார். யாருக்கு எவ்வளவு கட்டி வெள்ளி கொடுத்தோம், கொலுசாகத் திரும்பி வந்தது எத்தனை கிராம், சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்பதெல்லாம் அதில் ஒழுங்காகவே வந்தது. கோளாறு முழுக்கத் திறப்பதிலும் மூடுவதிலும்தான்.

கணக்கு எழுதும் அக்கா போனவுடனே சொல்லிவிட்டார்: "தம்பி, ஒருவாட்டி மூடிட்டுத் தொறந்தா தராசு வரமாட்டேங்குதுங்க. கம்ப்யூட்டரையே அணைச்சுப் போட்டாத்தான் வருது."

அவரையே மூடச் சொல்லிவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். விண்டோ போய்விட்டது, புரோகிராம் போகவில்லை. பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தராசின் எடையைப் படிக்க ஒரு தனி த்ரெட், அதாவது புரோகிராமுக்குள்ளேயே இணையாக ஓடும் ஒரு கிளை. அந்தத் தராசு, பிரிண்ட் பொத்தானை அழுத்தினால்தான் எடையை அனுப்பும். தராசு இணையும் சீரியல் போர்ட்டைத் திறக்கும்போது டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற கெடு) எதுவும் கொடுக்காததால், அடுத்த எடை வரும்வரை அந்த த்ரெட் எடையைப் படிக்கும் 'ரீடு' வரியிலேயே உட்கார்ந்திருக்கும். 'டீமன்', அதாவது முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று குறிக்காத த்ரெட் முடியாமல் பைத்தான் வெளியேறாது. ஆக, விண்டோ மூடினாலும் அந்தப் போர்ட் (காம்3) பழைய புரோகிராமின் கையில். புதிதாகத் திறப்பது போர்ட்டைக் கேட்டால் விண்டோஸ் 'ஆக்ஸஸ் டினைடு' என்று விரட்டிவிடும்.

டீமன் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். தீரும்தான். ஆனால் படித்துக்கொண்டிருந்த எடை பாதியில் அறுந்து போகலாம். வெள்ளிக் கணக்கில் எனக்கு அது ஒப்பவில்லை. அதனால் ரீடுக்கு அரை நொடி டைம்அவுட் வைத்தேன். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் 'நிறுத்து' என்ற கொடி ஏறியிருக்கிறதா என்று அது பார்த்துக்கொள்ளும். மூடும்போது கொடியை ஏற்றி, த்ரெட் முடியும்வரை காத்திருந்து, அப்புறம் போர்ட்டை மூடி, கடைசியாக டேட்டாபேஸை மூடுவது. இந்த வரிசை மாறக்கூடாது. டேட்டாபேஸை முதலில் மூடிவிட்டால், கடைசி எடையை எழுத வரும் த்ரெட் நடுத்தெருவில் நிற்கும்.

இதையெல்லாம் எங்கே எழுதுவது? பழைய நிரலில், புரோகிராமை ஓடவிடும் 'எக்ஸெக்' வரிக்குக் கீழே ஏதோ துப்புரவு வேலை இருந்தது. அந்த இடமே சரியில்லை. பயனர் லாக்ஆஃப் செய்யும்போது, விண்டோக்கள் மூடியதும் விண்டோஸ் புரோகிராமை முடித்துவிடக்கூடும், எக்ஸெக் திரும்பாமலே போகலாம் என்று பைக்யூட்டிக்கு அடிப்படையான க்யூட்டியின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. துப்புரவை, புரோகிராம் முடியப் போகும்போது வரும் 'அபவுட்டுகுவிட்' சிக்னலில் இணைக்கச் சொல்கிறார்கள். அங்கேயே மாற்றினேன்.

இதைத் தோண்டும்போதுதான் முதலாளி இன்னொன்றைச் சொன்னார். தினமும் சாயங்காலம் டேட்டாபேஸ் ஃபைலைப் பென்டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவாராம். "வீட்டு லேப்டாப்ல போட்டுப் பார்த்தா சமீபத்துல எழுதுனது எதையும் காணோம். இங்க வந்து தொறந்தா எல்லாம் இருக்கு. என்னங்க இது மாயம்?"

மாயமெல்லாம் இல்லை. கணக்கு இருந்த எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் வால் (WAL) முறையில் இருந்தது. இந்த முறையில் புதுப் பதிவுகள் முதலில் பக்கத்தில் இருக்கும் '-வால்' என்ற தனி ஃபைலில்தான் சேரும். அது 1000 பக்கம் அளவுக்கு வளர்ந்த பிறகோ, கடைசி இணைப்பு ஒழுங்காக மூடும்போதோதான் மூல ஃபைலுக்கு மாறும். பக்கம் என்பது டேட்டாபேஸ் எழுதும் ஒரு துண்டு, வழக்கமாக 4096 பைட், ஆக மொத்தம் நாலு எம்பி. ஒரு சின்னப் பட்டறையின் வரவு பற்றுக்கு நாலு எம்பி என்பது சில நாளாவது ஓடக்கூடும். புரோகிராமோ ஒரு நாளும் ஒழுங்காக மூடவில்லை, கம்ப்யூட்டரை அணைக்கும்போது சேர்ந்து செத்துக்கொண்டிருந்தது. அவர் எடுத்துப் போனது மூல ஃபைல் மட்டும். மூடுவதைச் சரி செய்ததும் பாதி தீர்ந்தது. மீதிக்கு 'காப்பு எடு' என்று ஒரு பொத்தான் வைத்தேன். பைத்தான் 3.7 முதல் எஸ்க்யூலைட் இணைப்பிலேயே பேக்கப் என்ற வசதி இருக்கிறது. புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தாலும் முழுப் பிரதி கிடைக்கும்.

மூடும்போது 'சேமிக்கவா, வேண்டாமா, ரத்தா' என்று கேட்கும் பெட்டியும் இருந்தது. அதைத் தூக்கிவிட்டேன். பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்புகிறவர் அதைப் படிப்பதில்லை, கைக்கு வந்ததை அழுத்துவார். தவிர, யாராவது நேராக ஷட்டவுன் கொடுத்தால் இந்தப் பெட்டி நடுவில் நின்றுகொள்ளும். சில நொடிகளுக்கு மேல் பதில் இல்லையென்றால், இந்தப் புரோகிராம் அணைக்க விடாமல் தடுக்கிறது என்று முழுத்திரையில் விண்டோஸ் புகார் சொல்லும். இப்போது பாதியில் நிற்கும் பில் வரைவாக உடனுக்குடன் எழுதப்படுகிறது, மறுபடி திறந்தால் அங்கேயே தொடரலாம். ஒவ்வொரு எடையும் அப்போதைக்கப்போதே கமிட் ஆகிறது, அதாவது டேட்டாபேஸில் உறுதியாகப் பதிகிறது. கரண்ட் போனால் எந்த சிக்னலும் வராது அல்லவா.

திறக்கும் பக்கம் வேறு கதை. பைத்தான் நிரலை எக்ஸியாக்கும் பைஇன்ஸ்டாலர் வைத்து, ஒரே எக்ஸி ஃபைலாகக் கட்டியிருந்தார் பழையவர். பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது தன் மூட்டையை டெம்ப் ஃபோல்டரில் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்பும். முறையாக மூடினால் பிரித்ததை அழித்துவிடும், அடித்துக் கொன்றால் அப்படியே விட்டுவிடும். அங்கே '_எம்இஐ' என்று தொடங்கும் ஃபோல்டர்கள் குவிந்து கிடந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தனி ஃபோல்டராகக் கட்டும் முறைக்கு மாற்றினேன். திறக்கும் வேகம் கண்ணுக்கே தெரிந்தது.

தராசை ஆன் செய்யாமல் திறந்தால் 'ஃபெயில்டு டு எக்ஸிக்யூட் ஸ்கிரிப்ட்' என்று ஒரு பெட்டி வந்து நின்றுவிடும். விண்டோ வரும் முன்பே போர்ட்டைத் திறக்கப் போனதால் வந்த வினை. இப்போது முதலில் விண்டோ வரும். போர்ட்டைத் திறக்கும் வேலை ஒரு பூஜ்ய நொடி டைமரில் தொங்குகிறது, ஈவென்ட் லூப் (கிளிக், டைமர் போன்றவற்றைக் கவனிக்கும் சுற்று) ஓடத் தொடங்கிய பின்தான் நடக்கும். தராசு இல்லையென்றால் கீழ்ப்பட்டையில் 'தராசு இல்லை' என்று சிவப்பாகக் காட்டிவிட்டு மற்ற வேலைகளுக்கு வழி விடும்.

கடைசியாக, பொறுமை இல்லாமல் இரண்டு மூன்று தடவை டபுள் கிளிக் செய்வது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புரோகிராம் திறந்து, தராசுக்கு அடித்துக்கொள்ளும். க்யூட்டி தரும் க்யூலாக்ஃபைல் என்ற பூட்டு ஃபைலை வைத்து ஒன்றுக்கு மேல் திறக்காமல் தடுத்தேன். பூட்டு நாள் முழுக்க இருக்கவேண்டியது என்பதால், பழையதாகிவிட்டதாகக் கருதும் 30 நொடிக் கெடுவைப் பூஜ்யமாக்கினேன். புரோகிராம் செத்துப் போயிருந்தால் பிராசஸ் எண்ணை வைத்து அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். இரண்டாவது கிளிக், ஏற்கெனவே ஓடுவதற்கு ஒரு சேதி அனுப்பி அதை முன்னால் வரச் சொல்கிறது. ஆனால் மற்ற விண்டோக்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வர விண்டோஸ் எப்போதும் அனுமதிப்பதில்லை. அப்போது கீழே டாஸ்க்பாரில் ஐகான் மட்டும் மினுக்கும். "அது மினுக்குனா உள்ளதான் இருக்குன்னு அர்த்தம், இல்லீங்களா?" என்றார் அக்கா. ஆமாம் என்றேன்.