ஐஸ் பெட்டியில் போன ரத்தம்

பையனுக்கு ஏழு வயது. பால் பல் விழுந்து இரண்டு நாளாகியும் ரத்தக் கசிவு நிற்கவில்லை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க கோத்தகிரியில் எடுத்த இரண்டு டெஸ்டில் பி.டி. நார்மல், ஏ.பி.டி.டி. மட்டும் அதிகம். மனைவியின் தாய்மாமன் சின்ன வயதில் பல் பிடுங்கப் போய் ரத்தம் நிற்காமலே இறந்தார் என்பது அப்போதுதான் மாமியார் வாயிலிருந்து வந்தது. அதுவரை செய்வினை என்றுதான் கதை.

கோவைக்கு இறங்கவே வேண்டாம், இங்கேயே எடுத்து அனுப்பிவிடுகிறோம் என்றது ஒரு கலெக்‌ஷன் சென்டர். காலையில் எடுத்த ரத்தத்தை, அணுக்கள் நீங்கிய திரவமான பிளாஸ்மாவைப் பிரிக்காமல் அப்படியே ஐஸ் பெட்டியில் வைத்து சாயங்கால பஸ்ஸில் ஏற்றினார்கள், கெடாமல் இருக்கத்தானே என்று நானும் தலையாட்டினேன். ரிப்போர்ட்டில் ரத்தம் உறைய வைக்கும் புரதங்களில் ஒன்றான எட்டாம் ஃபேக்டர் 28 சதவீதம், அது குறைந்தால் வருகிற ஹீமோஃபிலியா ஏ. ஒரு மாதம் அதை நம்பி உட்கார்ந்திருந்தோம்.

கோவையில் ரத்தநோய் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "சாம்பிள் எப்படி வந்துச்சு?" பிரிக்காத ரத்தத்தைக் குளிரில் வைத்தால் எட்டாம் ஃபேக்டர் குறைந்து காட்டுமாம். 4 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும், முடியாவிட்டால் பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைத்து அனுப்ப வேண்டும். சரி, மறுபடி எடுக்கலாம் என்று போனால் கவுண்டரில், "ஃபேக்டர் டெஸ்ட் செவ்வாய், வெள்ளிதான் சார்". அன்றைக்குப் புதன். போன் பண்ணிக் கேட்டுவிட்டு இறங்குங்கள். நான் கேட்கவில்லை, பையன் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை மறுபடி போனோம். நீல மூடி டியூபில் கோடு வரைக்கும் ரத்தம் வந்ததா என்று நானே குனிந்து பார்த்தேன், குறைந்தால் உள்ளே ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் சிட்ரேட் கணக்கு கெட்டு ரிசல்ட்டும் கெடும். இந்த முறை எட்டு நார்மல். ஒன்பதாம் ஃபேக்டர்தான் 6 சதவீதம்! ஹீமோஃபிலியா பி, நல்லவேளை லேசான வகை.

டாக்டர் பேப்பரில் வரைந்து காட்டினார். ஒன்பதாம் ஃபேக்டர் ஒரு கத்தரிக்கோல், அதாவது மற்ற புரதங்களை வெட்டுகிற புரோட்டியேஸ். அது பத்தாம் ஃபேக்டரை வெட்டி முடுக்கும், பத்து புரோத்ராம்பினை வெட்டி த்ராம்பின் ஆக்கும், த்ராம்பின் ஃபைப்ரினோஜனை வெட்டினால்தான் ரத்தம் உறைய வலை விழும். எட்டு கத்தரியே இல்லை, ஒன்பதுக்குக் கூடமாட நிற்கிற ஆள். ஆனால் எது குறைந்தாலும் வெளியே தெரிகிற நோய் ஒன்றுதான், ஏற்றுகிற மருந்துதான் வேறு. அந்த ரிப்போர்ட்டை நம்பி எட்டை ஏற்றியிருந்தால் காசும் போய் ரத்தமும் நின்றிருக்காது.

கலெக்‌ஷன் சென்டரில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த டெஸ்டுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம்.