2027 மார்ச் 17

கனடாவுல மனநோய் மட்டுமே இருக்கறவங்களுக்கும் டாக்டர் உதவியோட சாக அனுமதி கொடுக்கறதை 2021லேர்ந்து இழுத்துக்கிட்டே வந்தாங்க, மொதல்ல 2023 மார்ச்னாங்க, அப்புறம் 2024, அதுக்கப்புறம் 2027ன்னாங்க. டிப்ரஷன் இனிமே தீரவே தீராதுன்னு எந்த டாக்டர் அடிச்சுச் சொல்ல முடியும்? எனக்கு அங்கதான் இடிக்குது. நெதர்லாந்துல 1994லயே தன்கிட்ட வந்த ஒரு அம்மா சாக உதவின சாபோட்ங்கற மனநல டாக்டர் கேஸ்ல, உடம்புல நோய் இல்லாட்டியும் வேதனை வேதனைதான்னு சுப்ரீம் கோர்ட்டு ஒத்துக்கிச்சு, ஆனா வேற டாக்டர் யாரும் அந்தம்மாவை நேர்ல பார்க்கலன்னு அவரைக் குற்றவாளின்னுச்சு, தண்டனை மட்டும் கொடுக்கல (நியாயம்தான்). டொரோண்டோவுல என் ஃப்ரெண்டு ஒருத்தி சைக்கியாட்ரிஸ்டைப் பார்க்கவே ஏழு மாசம் காத்திருந்தா, ஃப்ரிட்ஜ்ல ஒட்டின காலண்டர்ல ஒவ்வொரு நாளா பேனாவால அடிச்சுக்கிட்டு. மொதல்ல அந்த க்யூவைக் குறைங்கப்பா. போன வாரம் பேசினா, புது மாத்திரைல தூக்கம் தூக்கமா வருதாம், ஆனா ரொம்ப நாளைக்கப்புறம் ரசம் வெச்சாளாம்.