காடைக் குஞ்சு பொரிப்பு: மூடியைத் திறக்காதீர்கள்

ஜப்பானியக் காடை அடை உட்காராது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே வளர்ந்ததில் அந்தக் குணம் அதனிடம் அநேகமாக அற்றுப்போய்விட்டது. ஆகவே குஞ்சு வேண்டுமென்றால் இன்குபேட்டர்தான், அதாவது முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் பெட்டி. தெர்மாகோல் பெட்டியில் நீங்களே செய்ததாக இருந்தாலும் போதும், சூடு நிலையாக நின்றால் சரி.

கடையில் பெட்டி போட்டு விற்கும் முட்டையை வைக்காதீர்கள். பெரும்பாலும் ஆண் சேராத கூண்டில் இட்டவை அவை, அத்தனையும் கூமுட்டையாகும். 1 ஆணுக்கு 2 அல்லது 3 பெட்டை இருக்கும் இடத்தில் வாங்குங்கள். முட்டையைக் கழுவக் கூடாது, ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது. கூர்முனை கீழே இருக்கும்படி நிழலான இடத்தில் வைத்து, இட்ட 7 நாளுக்குள் அடைக்கு ஏற்றிவிடுங்கள்.

ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி. ஃபேன் இல்லையென்றால் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 வரை வைக்கலாம். மலிவான தெர்மாமீட்டர் ஒரு டிகிரி தப்பாகக் காட்டுவது சகஜம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் பெட்டித் தெர்மாமீட்டரின் சென்சாரையும் ஒரே வெதுவெதுப்பான நீரில் வைத்து, வித்தியாசத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். சூடு கூடினால் குஞ்சு முன்கூட்டியே, தொப்புள் மூடாமல் வரும். குறைந்தால் 19, 20 நாள் இழுத்துச் சோர்ந்த குஞ்சாக வரும். சரியாக இருந்தால் 17, 18 நாளில் வேலை முடிந்துவிடும்.

ஈரப்பதம் முதல் 14 நாள் 50 சதவீதம். ஈரத்துக்காகப் பெட்டிக்குள் வைக்கும் தட்டில் எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்பதால் பயனில்லை. நீரின் பரப்புதான் கணக்கு. மழைக்காலத்தில் வெளியே 28 டிகிரியும் 85 சதவீத ஈரமும் இருந்தால், அதே காற்று பெட்டிக்குள் 37.5க்குச் சூடாகும்போது தானாகவே 50 சதவீதத்துக்கு வந்துவிடும். அப்போது தட்டே வேண்டாம். இதை அறியாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் முட்டைக்குள் நீர் வற்றாது, காற்றறை சிறுத்து, முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். சித்திரை வெயிலில் நிலைமை தலைகீழ், பெரிய தட்டு தேவைப்படும்.

தினம் 3 முதல் 5 தடவை முட்டையைத் திருப்புங்கள். 15ஆம் நாள் நிறுத்திவிட்டு, ஈரத்தை 65–70க்கு ஏற்றி மூடியை மூடுங்கள். இதன் பிறகுதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். முதல் குஞ்சு வெளியே வந்ததும் ஆசையில் திறந்தால் ஈரம் ஒரே நொடியில் வெளியேறிவிடும். ஓட்டைக் கீறிக்கொண்டிருக்கும் மற்றக் குஞ்சுகளைச் சுற்றி உள்சவ்வு காய்ந்து தோல்போல இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதற்குமேல் அவற்றால் திரும்ப முடியாது. பொரித்த குஞ்சு வயிற்றிலிருக்கும் மஞ்சள் கருவை வைத்தே 24 மணி நேரம் தாங்கும், பயப்பட வேண்டாம். ஓட்டை உரித்து உதவவும் போகாதீர்கள். சவ்வில் ரத்தக் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

குஞ்சின் எடை 7, 8 கிராம்தான். முதல் வாரம் புரூடரில் (பல்புச் சூட்டில் குஞ்சு வளர்க்கும் பெட்டி) 35–37 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரி குறைக்கலாம். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாய் திறந்தால் சூடு. தரையில் வெறும் செய்தித்தாள் விரித்தால் வழுக்கிக் கால் விரிந்துபோகும், சாக்குத் துணி போடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் நிரப்பாவிட்டால் அரை அங்குலத் தண்ணீரிலேயே மூழ்கும். பிராய்லர் கோழிக்குஞ்சுக்கு முதல் நாட்களில் கொடுக்கும் பிரீ-ஸ்டார்ட்டர் தீவனத்தை மிக்ஸியில் ரவைப் பதத்துக்கு உடைத்துக் கொடுங்கள். எறும்பு வந்தால் ஒரே இரவில் மொத்தமும் போய்விடும், பெட்டி நிற்கும் மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

3 வாரத்தில் நெஞ்சைப் பாருங்கள். செம்பழுப்பாக இருந்தால் ஆண், கரும்புள்ளி இருந்தால் பெட்டை. முட்டை 6, 7 வாரத்தில் விழத் தொடங்கும்.