பாட்டிலில் இறங்கிய மில்லி

நெஞ்சுநோய் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த புதிதில் என் முதல் வேலை, காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு கட்டிலுக்கும் அடியில் குனிந்து பாட்டிலில் எத்தனை மில்லி இறங்கியிருக்கிறது என்று பார்த்து, பிளாஸ்திரியில் கோடு போட்டுத் தேதி எழுதுவது. நிமோனியாவுக்குப் பிறகு நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோத்துக்கொண்டவர்கள் எப்போதும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். விலா இடுக்கில் குழாய், அதன் மறுமுனை பாட்டில் தண்ணீருக்குள். பாத்ரூம் போகும்போது அதைத் தூக்குச்சட்டி மாதிரி பிடித்துக்கொண்டு நடப்பார்கள், "நெஞ்சுக்கு மேல தூக்காதீங்கண்ணே" என்று நான் பின்னாலேயே போவேன்.

அந்த மில்லிக் கணக்கை ரொம்ப நம்பினேன். ஒரு லாரி கிளீனர் வந்தார், முதல் நாள் 900, அடுத்த நாள் 300, அப்புறம் 60, 20. குறையுது, சரியாகுது என்று அவர் மனைவியிடம் நானே சொன்னேன். ஆனால் சாயங்காலம் நாலு மணி ஆனால் காய்ச்சல் டாண் என்று வந்து நின்றது. பாட்டிலுக்குள் இருக்கும் கண்ணாடிக்குழாயில் தண்ணீர் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்க வேண்டும். அது எப்போது நின்றது என்று யாருமே குறித்து வைக்கவில்லை, நானும்தான். நுரையீரல் முழுசாக விரிந்தாலும் அது நிற்கும், குழாய் அடைத்தாலும் நிற்கும். எங்களுக்கு வசதியான காரணத்தை எடுத்துக்கொண்டோம். இன்னொரு நாள் பார்க்கலாம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றே ஒன்பது நாள் போனது. கடைசியில் ஸ்கேன் பார்த்தால் உள்ளே தேனடை மாதிரி அறை அறையாகத் தடுப்பு, ஓர் அறையில் எங்கள் குழாய், மற்ற அறைகளில் சீழ்.

அறுவை சிகிச்சை டாக்டர் கடுகடுத்தார். முதல் வாரத்திலேயே கூப்பிட்டிருந்தால் நுரையீரல்மேல் படிந்த சீழைப் பாலாடை மாதிரி வழித்திருக்கலாமாம், இப்போது பலாத்தோலாகிக்கொண்டிருக்கிறதாம். அது முற்றிவிட்டால் கேமரா வழியாக உரிக்க வராது, நெஞ்சைத் திறக்க வேண்டும். நல்லவேளை, கேமரா விடும் சிறுதுளையிலேயே முடிந்தது. வெளியே வந்தவரைப் பார்த்து அவர் மனைவிக்கு அதிர்ச்சி: "ஆபரேஷனுக்கு அப்புறமும் குழாயா சிஸ்டர்?" ஆமாம், அதற்குப் பிறகும் குழாய் இருக்கும், ஆனால் இது நாலாம் நாளே வெளியே வந்துவிட்டது.

அதற்காக எல்லாரையும் தியேட்டருக்கு அனுப்ப முடியாது. பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்கு இதயம் பலவீனம். இந்த ஆபரேஷனுக்கு முழு மயக்கம் கொடுத்து, ஒரு நுரையீரலைச் சுருங்க விட்டு மற்றதில் மட்டும் மூச்சு ஓட்ட வேண்டும், மயக்க டாக்டர் கையை விரித்துவிட்டார். குழாயை வைத்துக்கொண்டே வாரக்கணக்கில் பலூன் ஊதினார், கடைசியில் குழாயில் பை மாட்டி வீட்டுக்கு அனுப்பினோம். குழந்தைகள் கதையும் வேறு. 2006-ல் லண்டனில் 60 குழந்தைகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள், குழாய் வழியாக யூரோகைனேஸ் என்ற, தடுப்பைக் கரைக்கும் மருந்து விடப்பட்டவர்களும் சிறுதுளை ஆபரேஷன் செய்யப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே நாட்கள்தான் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பெரியவர்களில் 2011-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், தடுப்பைக் கரைக்கும் மருந்தையும் சீழை நீர்க்கச் செய்யும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது ஆபரேஷனுக்குப் போக வேண்டியவர்கள் 16 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைந்தார்கள். அந்த மருந்தின் விலை எங்கள் வார்டுக்கு எட்டாது என்பது வேறு விஷயம்.

இப்போதெல்லாம் மில்லிக்குப் பக்கத்தில் 'ஆடுது', 'ஆடலை' என்றும் எழுதுகிறேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இருந்தால் ரவுண்ட்ஸில் ஸ்கேன் கேட்டு நச்சரிக்கிறேன், சின்ன டாக்டர்களுக்கு என்மேல் கொஞ்சம் எரிச்சல்தான்.

கிளீனர் ஒரு மாதம் கழித்து ரிவ்யூவுக்கு வந்தார், சட்டையைத் தூக்கிக் காட்டினார். "ஆபரேஷன் பண்ண ஓட்டை எதுவும் வலிக்கல சிஸ்டர், மொதல்ல போட்டீங்களே அந்தக் குழா, அந்த இடம்தான் ராத்திரியில சுருக்குசுருக்குனு இழுக்குது."