ஆடிக்காற்றும் ஐந்து போட்டிகளும்

35 வயதைத் தாண்டிய ஆண்களுக்கான பென்டத்லானில் நீளம் தாண்டுதல், ஈட்டி, 200 மீட்டர், வட்டு, 1500 மீட்டர் என்ற வரிசையில் ஐந்தும் ஒரே நாளில் முடியும். ஒன்றில் இறங்காமல் விட்டாலும் மொத்தப் புள்ளியே கணக்கில் வராது.

நீளம் தாண்டுதலுக்கு மூன்றே வாய்ப்பு. கோயம்புத்தூர்ப் பக்கம் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று முதுகில் தள்ளினால் ஓடிவரும் காலடி எட்டு நீளும், கால் தாவும் பலகையைத் தாண்டும், ஃபவுல். ஓட்டத்தின் தொடக்கக் குறியை ஒரு பாதம் பின்னால் தள்ளுங்கள், எதிர்க்காற்றென்றால் முன்னால். பலகைக்குக் கிட்ட வந்தபிறகு எட்டைக் குறுக்கினால் வேகம் போச்சு. முதல் தாவலில் அரையடி உள்ளே மிதித்தாலும் பரவாயில்லை, ஒரு அளவு கையில் இருக்கட்டும். நல்ல ஆட்டக்காரர்களே இங்கேதான் மொத்தத்தையும் இழக்கிறார்கள்.

வட்டுக்கு எதிர்க்காற்று வரம். ஆனால் முன்விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தி விட வேண்டும். தூக்கி விட்டால் நிமிர்ந்து, நின்று, விழுந்துவிடும். 50 முதல் 59 வயதுவரை வட்டு 1.5 கிலோ, ஈட்டி 700 கிராம். பழகுவதும் அதே எடையில்தான்.

ஈட்டி முடிந்து உட்கார்ந்துவிட்டால் பின்தொடை இறுகிவிடும், 200 மீட்டர் வளைவில் பிடித்துக்கொள்ளும். நடந்துகொண்டே இருங்கள். அழைப்புக்கு முன் 60 மீட்டரை முக்கால் வேகத்தில் மூன்று முறை ஓடுங்கள். இடையில் உப்புப் போட்ட மோர், பூவன்பழம் போதும். 1500-இல் முதல் சுற்றை அடக்கி ஓடுங்கள், கால் ஏற்கெனவே களைத்திருக்கும்.