சித்தப்பாவின் லேப்டாப்: ஏழே முக்கால் நிமிடத்திலிருந்து 34 வினாடிக்கு

முப்பத்து நான்கு வினாடி. பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து, சித்தப்பாவின் கிரயப் பத்திர மாதிரி வேர்டில் திறந்து எழுத்து தெரிகிற வரை. ஃபோனில் ஸ்டாப்வாட்ச் வைத்து மூன்று முறை பார்த்தேன்: 34, 33, 34. மூன்று வாரத்துக்கு முன்பு இதே லேப்டாப்புக்கு இதே வேலைக்கு 7 நிமிடம் 45 வினாடி ஆனது. பழைய கம்ப்யூட்டர்களைத் தேற்றுவதை நான் சில வருடங்களாகச் செய்கிறேன். இவ்வளவு வித்தியாசம் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் இந்த வேலைக்கு நடுவில் ஒரு நிமிடம் இருந்தது. அப்போது எண்டர் தட்டியிருந்தால், சித்தப்பாவின் பதினோரு வருட உழைப்பில் பெரும்பகுதி போயிருக்கும். அதைத்தான் விரிவாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

சித்தப்பா திண்டிவனத்தில் பத்திர எழுத்தர். லேப்டாப் 2014-இல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 5400 ஆர்பிஎம் வேகத்தில் சுற்றும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. முன்பெல்லாம் பத்திரத்தை அடித்து பிரிண்ட் எடுத்தால் முடிந்தது. 2018-இல் பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 இணைய முறை வந்த பிறகு விவரங்களை இணையத்திலும் ஏற்ற வேண்டும், டோக்கன் நேரமும் பார்க்க வேண்டும். கட்சிக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, திரையில் அந்தப் புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். "மதர்போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

"புதுசு வாங்கிடலாம் தம்பி, காசு பெரிசில்ல. இதுல இருக்கிறதெல்லாம் அப்படியே அதுல வருமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கிரயம், தானம், விடுதலை, பாகப்பிரிவினை, அடமானம், பொது அதிகாரம் என்று அறுநூறுக்கு மேல் மாதிரிகள் வைத்திருக்கிறார், எல்லாமே பழைய வானவில் எழுத்துருவில் அடித்தவை. அந்த விசைப்பலகை மென்பொருளின் சிடி எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதைவிட முக்கியம், எந்த ஃபோல்டர் திரையில் எந்த மூலையில் இருக்கிறது என்பது அவர் கைக்குத் தெரியும். பெயரைப் படித்தே பார்க்கமாட்டார். ஆகவே விண்டோஸைப் புதிதாகப் போடும் பேச்சுக்கே இடமில்லை. டிஸ்க்கை உள்ளது உள்ளபடி நகலெடுத்தாக வேண்டும்.

முதலில் நோய் என்னவென்று பார்த்தேன். எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ப்ராசஸர் 12 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். டிஸ்க் ஓடிய வேகம் வினாடிக்கு ஒரு எம்பி கூட இல்லை, ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர மூன்று நான்கு வினாடி. இந்த இரண்டையும் சேர்ந்தாற்போல் பார்த்தாலே போதும், கோளாறு டிஸ்க்கில்தான், மதர்போர்டைத் தொடவே வேண்டாம். இதே இடத்தில் ப்ராசஸர் பக்கத்தில் 'அப் டைம்' என்று ஒன்று இருக்கும், கடைசியாகப் புதிதாகத் தொடங்கி எவ்வளவு நேரமாகிறது என்ற கணக்கு. அதில் 41 நாள் என்று காட்டியது. சித்தப்பா தினமும் ஒழுங்காக ஷட் டவுன் செய்கிறவர். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உள்பகுதி முழுதாக அணையாமல் டிஸ்க்கில் பத்திரப்படுத்தப்பட்டு, மறுநாள் அதே நிலையில் எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையில் புதிதாகத் தொடங்கும். வீட்டுக் கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறது என்று யார் கேட்டாலும் வாரம் ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்லுங்கள், காசில்லாத வைத்தியம்.

அப்புறம் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள். எச்சரிக்கை மஞ்சள் காட்டியது. சி5 வரிசையில், அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகளின்) எண்ணிக்கையில், கடைசியில் 58. அந்தக் கட்டம் எண்ணைப் பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாக வைத்து எண்ணும் பதினாறடிமான முறையில் காட்டும். அங்கே 58 என்றால் நம் கணக்கில் 88. இதைத் தெரியாமல் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். டிஸ்க் வெறுமனே மந்தமாக இல்லை, செத்துக்கொண்டிருக்கிறது. அன்று மாலையே மாதிரிகள் இருந்த ஃபோல்டரை மட்டும் ஒரு பென் டிரைவில் ஏற்ற முயன்றேன். பாதியில் நின்றுவிட்டது. தட்டுத்தடுமாறிப் பாதிதான் வந்தது.

இடையில் ராம். ஒரு ஸ்லாட் காலியாக இருந்ததால் இன்னொரு 4 ஜிபி போட்டேன். இந்தத் தலைமுறைக்கு டிடிஆர்3எல்தான் வேண்டும், 1.35 வோல்ட். 'எல்' இல்லாத 1.5 வோல்ட் ராமைத் தலையில் கட்டிவிடுவார்கள், ஸ்டிக்கரைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். ராம் போட்ட பிறகு 7:45 என்பது 6:50 ஆனது, அவ்வளவுதான். ராம், எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) இரண்டுக்கும் ஒரே நேரத்தில் காசு செலவழிக்க முடியாதவர்கள் முதலில் எஸ்எஸ்டி வாங்குங்கள் என்று அடித்துச் சொல்வேன்.

எஸ்எஸ்டி வாங்குவதிலும் ஒரு கண்ணி உண்டு. கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுப்பது 480 ஜிபி. பழைய டிஸ்க் 500 ஜிபி, துல்லியமாக 50,010 கோடியே 78 லட்சத்துச் சொச்சம் பைட். நல்ல டிஸ்க்காக இருந்தால் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியை) சுருக்கி 480-இல் அடைத்துவிடலாம். ஆனால் சுருக்குவது என்றால் டிஸ்க்கில் நிறைய எழுத வேண்டும், இடம் மாற்ற வேண்டும். சாகக் கிடக்கிற டிஸ்க்கை அந்த வேலை வாங்கக் கூடாது. அதனால் 512 ஜிபி. மீதியுள்ள 12 ஜிபியை அப்படியே காலியாக விட்டுவிட்டேன், எஸ்எஸ்டிக்கு அது நல்லதுதான்.

இனி அந்த இரவு.

டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் சாதாரண குளோனிங் மென்பொருள் இரண்டை முயன்றேன். ஒன்று 31 சதவீதத்தில் படிக்க முடியவில்லை என்று நின்றது, இன்னொன்று அதே இடத்தில் உறைந்து போனது. ஆகவே பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்பதற்கென்றே உள்ள, லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ. டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, என் டெஸ்க்டாப்பில் பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்து சாட்டா போர்ட்டில் மாட்டி, பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பினேன். பழைய டிஸ்க்கை ஒரு செங்கல் மேல் வைத்து டேபிள் ஃபேனை அதன்மேல் திருப்பினேன். நீண்ட நேரம் படிக்கும்போது சூடேறினால் பிழைகளும் கூடும்.

டிடிரெஸ்க்யூவின் அழகு என்னவென்றால், அது முரண்டு பிடிக்கிற இடத்தோடு மல்லுக்கட்டாது. முதல் சுற்றில் படிக்க வருவதையெல்லாம் வாரிக்கொண்டு, வராத இடத்தைக் குறித்துவைத்துவிட்டுத் தாண்டிப் போய்விடும். நல்லதெல்லாம் கரை சேர்ந்த பிறகுதான் கெட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதை எடுத்தோம், எது பாக்கி என்பதை மேப் ஃபைல் என்ற சின்னக் கோப்பில் எழுதிக்கொண்டே வரும். அந்தக் கோப்பை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். பென் டிரைவிலிருந்து கிளம்பிய லினக்ஸ் ராமில் ஓடுகிறது. அங்கே வைத்தால் கரண்ட் போனதும் கோப்பும் போகும். நான் அதற்கென்றே இன்னொரு பென் டிரைவைச் செருகி அதில் வைத்தேன்.

ஏழு மணிக்குத் தொடங்கினேன். வினாடிக்கு எழுபது எண்பது எம்பி என்று நன்றாகவே ஓடியது. எப்போதாவது டிஸ்க்குக்குள்ளிருந்து நகத்தால் தகரத்தைச் சுண்டுகிற மாதிரி ஒரு சத்தம், உடனே வேகம் பூஜ்யம், அப்புறம் மறுபடி ஏறும். எட்டேகால் மணிக்கு, 315 ஜிபி முடிந்திருந்தபோது, கரண்ட் போய்விட்டது. எங்கள் வீட்டு இன்வர்ட்டர் விளக்குக்கும் ஃபேனுக்கும்தான்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்ததும் மறுபடி லினக்ஸைக் கிளப்பினேன். கட்டளையை நோட்டில் எழுதி வைத்திருந்தேன்: பழையது எஸ்டிஏ, புதியது எஸ்டிபி (டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கிற பெயர்கள்), நடுவில் 'எஃப்'. அந்த 'எஃப்' இருந்தால்தான் டிடிரெஸ்க்யூ டிஸ்க்கின் மேலேயே எழுதச் சம்மதிக்கும். நோட்டைப் பார்த்து ஒரு எழுத்து விடாமல் அடித்தேன். விரல் எண்டருக்குப் போன நேரத்தில், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைப் போட்டு ஒருமுறை பார்த்துவிடலாமே என்று தோன்றியது. அடித்ததை அழித்துவிட்டு அதைப் போட்டேன். எஸ்டிஏ 476.9 ஜி. எஸ்டிபி 465.8 ஜி.

பெயர்கள் இடம் மாறியிருந்தன. இந்தக் கட்டளை 1024-இன் மடங்கில் எண்ணுவதால் அளவு குறைவாகத் தெரியும்: 476.9 என்பது புதிய 512 ஜிபி எஸ்எஸ்டி, 465.8 சித்தப்பாவின் 500 ஜிபி டிஸ்க். கம்ப்யூட்டரைக் கிளப்பும்போது எந்த டிஸ்க் முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு முதல் எழுத்து. ஒவ்வொரு முறையும் அது ஒன்றாகவே இருக்கும் என்று எந்த உறுதியும் கிடையாது. எண்டர் தட்டியிருந்தால், முடிந்த 315 ஜிபியை மேப் ஃபைல் தாண்டிவிட்டிருக்கும். ஆனால் மீதி 185 ஜிபியில், புது டிஸ்க்கின் வெறுமையைப் பழைய டிஸ்க்கின் மேல் எழுதியிருக்கும். மாதிரிகள் அந்தப் பக்கம்தான் இருந்தன. கை நடுக்கம் அடங்க, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரையே நான் பயன்படுத்துவதில்லை. லினக்ஸில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மாடலும் சீரியல் நம்பரும் சேர்ந்த நீளமான இன்னொரு பெயர் இருக்கிறது. 'பை-ஐடி' என்ற ஃபோல்டரில் கிடைக்கும். அடிக்க நேரமாகும், ஆனால் எத்தனை முறை ரீஸ்டார்ட் ஆனாலும் மாறாது. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கிற லேபிளோடு கடைசி நான்கு எழுத்தை ஒத்துப் பார்த்துவிட்டு எண்டர் தட்டலாம். இந்த வேலையைச் செய்கிறவர்கள் தயவுசெய்து இன்றே இந்தப் பழக்கத்துக்கு வந்துவிடுங்கள்.

விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பத்தேகாலுக்கு முதல் சுற்று முடிந்தது. மிச்சமிருந்த சில எம்பிக்கு மட்டும் மூன்று மணி நேரம் சுரண்டியது. மூன்று மறுமுயற்சிக்குப் பிறகு, ஒன்றரை மணிக்கு, வராமலே போனது 20,480 பைட். அதாவது 500 ஜிபியில் 40 செக்டர். அவை எந்தெந்தக் கோப்பில் விழுந்தன என்று மறுநாள் தேடிப் பார்த்தேன். பெரும்பாலானவை, ராம் போதாதபோது விண்டோஸ் தற்காலிகமாக எழுதிக்கொள்ளும் பேஜ் ஃபைலில், அதனால் நஷ்டமில்லை. ஒன்று ப்ரௌசரின் தற்காலிகக் கோப்பில். இன்னொன்று ஒரு போட்டோவில். தங்கையின் வளைகாப்புப் படம், கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிவிட்டது. அந்தப் படத்தின் பிரிண்ட் சித்தி ஆல்பத்தில் இருக்கிறது, ஸ்கேன் செய்து போட்டுவிட்டேன். பத்திர மாதிரிகளில் ஒன்றுகூடக் கெடவில்லை.

எஸ்எஸ்டியை லேப்டாப்பில் மாட்டிக் கிளப்பினால், முதல் தடவை, டிஸ்க்கில் பிழை தேடித் திருத்தும் செக் டிஸ்க் தானாக ஓடியது, ஓடவிட்டேன். பழைய டிஸ்க்கையும் கூடவே மாட்டிக்கொண்டு விண்டோஸைக் கிளப்பாதீர்கள். இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றாகவே இருக்கும், விண்டோஸ் குழம்பும். அப்புறம் ஸ்டார்ட்அப்பில் தானாக ஓடியவற்றில் தேவையில்லாத ஒன்பதை நிறுத்தினேன். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன, காலாவதியானவை. இரண்டையும் எடுத்துவிட்டு விண்டோஸின் டிஃபெண்டரை இயக்கினேன்.

சித்தப்பாவிடம் கொடுத்தபோது நான் எதுவும் சொல்லவில்லை. பட்டனை அழுத்திவிட்டுப் பழக்கத்தில் செருப்பைத் தேடினார், டீக்கடைக்குப் போக. திரும்பிப் பார்த்தால் திரை வந்துவிட்டது. மவுஸ் நேராக இடது ஓரத்தில் மூன்றாவது ஃபோல்டருக்குப் போனது. அது அங்கேயே இருந்தது. ஒரு தானப் பத்திரத்தைத் திறந்து, நான்கு வரி அடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் அப்படியே இருக்குப்பா" என்றார்.

வாங்கிய இடம் பற்றிக் கேட்பீர்கள். ராம் சென்னை ரிச்சி தெருவில், பழையது, 600 ரூபாய். ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாக பில்லிலேயே எழுதி வாங்கினேன். அங்கே பேரம் பேசுவதைவிட அதைக் கேட்டு வாங்குவது முக்கியம். எஸ்எஸ்டியை மட்டும் பெயர் தெரிந்த பிராண்டில், சீரியல் நம்பர் போட்ட பில்லோடுதான் வாங்குவேன். பென் டிரைவ், வெளி டிஸ்க் எது வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளை ஓட்டி, போட்டிருக்கிற அளவு உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தரவு ஏற்றுங்கள். சித்தப்பாவுக்கு இப்போது ஒரு வெளி டிஸ்க்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை செருகினால் மாதிரிகள் தானாக அதில் ஏறும்படி செய்தாயிற்று.

இனி விண்டோஸ் விஷயம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் சேர்த்துவிட்டேன், அது 2026 அக்டோபர் வரை. இந்த ஐ3-க்கு விண்டோஸ் 11 கிடையாது, அது இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இதில் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. தடை அந்தப் பழைய எழுத்துருதான். அறுநூறு மாதிரிகளையும், எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். சோதனைக்கு இருபதை மாற்றினேன். எழுத்துகள் சரியாக வருகின்றன, ஆனால் நடுவில் ஆங்கிலத்தில் இருக்கிற சர்வே எண்ணின் உட்பிரிவு எழுத்துகளையும் தமிழாக்கிவிடுகிறது. பத்திரத்தில் அது நடக்கவே கூடாது. ஆங்கிலப் பகுதி எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் விட்டுவிடும்படி ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன் ஃபேன். லேப்டாப்பை அரை மணி நேரம் ஓட்டினால் இடது பக்கம் கை வைக்க முடியவில்லை. சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் வாயில் பதினோரு வருடத் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருக்கிறது, டார்ச் அடித்துப் பார்த்தேன். ப்ராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட் வாங்கி வைத்தாயிற்று. பொங்கல் லீவில் சார்பதிவாளர் அலுவலகமும் மூடியிருக்கும், லேப்டாப் இரண்டு நாள் என் கையில் இருக்கும். அப்போது கழற்ற வேண்டும்.